பத்து பி.ஏ. பட்டதாரிகள்! பள்ளிக்கூடம் போகாத அய்யன்காளியின் லட்சியம்

ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி கேரளத்தில் அரசு விடுமுறை. அன்று அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் பூட்டிக் கிடக்கும். அது எதற்காக விடப்படும் விடுமுறை என்று கேட்டால், இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள்.

அது அய்யன்காளி பிறந்த நாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதரின் பிறந்த நாளுக்குப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை! அந்தப் பள்ளிக்கூடங்களின் கதவைத் திறந்து வைத்தவர்களில் அவர் முக்கியமானவர் என்பதே அதற்குக் காரணம்.

களியக்காவிளையில் பஸ் ஏறி, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள் என்று பல தரப்பினரும் அந்த ரோட்டில் போய் வருகிறார்கள். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துப் பொது ரோடுகளில் எல்லா மனிதர்களும் நடக்க முடியாது. நடந்தால் அடி விழும். அந்த நிலையை மாற்றக் கிளம்பியவரும் இதே நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தவர்தான்.

வெங்கானூரில் பிறந்தார்

விழிஞம் கடற்கரைக்கு அருகே உள்ள ஊர் வெங்கானூர். அங்கே 1863-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அய்யன்காளி பிறந்தார். தந்தை பெயர் அய்யன், தாயார் பெயர் மாலா. பெற்றோர் வைத்த பெயர் காளி. தந்தையின் பெயரும் சேர்ந்து அய்யன்காளி ஆனார்.

அவர் பிறந்தது புலையர் சமூகத்தில். வயலில் உழைப்பது அவர்கள் தொழில். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை 1855-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதாவது, அய்யன்காளி பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான்! அதுவரை மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், வாங்கினார்கள். சட்டம் மாறியது. ஆனால் வழக்கம் மாறவில்லை.

பொது ரோட்டில் நடக்கக் கூடாது. சந்தைக்குள் நுழையக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. மேலே துணி போடக் கூடாது. பெண்கள் கல்லும் கண்ணாடியும் கோத்த மாலையைத்தான் கழுத்தில் அணிய வேண்டும்; பொன்னோ வெள்ளியோ கூடாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

இதே கொடுமைகளை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மக்களும் அனுபவித்தவர்களே. கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை எல்லாம் அன்று ஒரே சமஸ்தானம். நாடார் சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859-ல்தான் அதற்கு அரசாணை பெற்றார்கள். அந்தப் போராட்டத்தின் சூடு ஆறாத காலத்தில் பிறந்தவர் அய்யன்காளி.

அய்யனின் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்தச் சமூகத்தில் அது அபூர்வம். ஆகவே சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. தானுண்டு, தன் நிலம் உண்டு என்று அய்யன்காளி இருந்திருந்தால், யாரும் அவரை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று அவர் பெயரும் யாருக்கும் தெரிந்திருக்காது.

சிறு வயதில் நல்ல உடற்கட்டு. விளையாட்டில் கெட்டிக்காரர். ஒருநாள் அவர் விளையாடிய பந்து மேல் சாதிக்காரர் ஒருவரின் வீட்டில் போய் விழ, அதற்காக அவர் பட்ட வசவு மனதில் ஆழமாகத் தைத்தது என்று சொல்வார்கள். அதன்பின் தன் சமூகத்து இளைஞர்களை ஒன்று சேர்த்தார். பாட்டு, ஆட்டம் என்று தொடங்கிய கூட்டம், பின்னர் தற்காப்புப் பயிற்சியும் எடுத்துக் கொண்டது. 1888-ல் செல்லம்மாளை மணந்தார்.

ரோட்டில் ஓடிய வில்வண்டி

1893-ம் ஆண்டு. அய்யன்காளிக்கு வயது முப்பது. பணம் சேர்த்து ஒரு வில்வண்டி வாங்கினார். அன்று வில்வண்டி என்பது பெரிய மனிதர்கள் ஏறும் வாகனம். இரண்டு நல்ல வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். காளைகளின் கழுத்தில் மணி கட்டினார். வெள்ளை வேட்டி, சட்டை, மேல் துண்டு, தலைப்பாகை அணிந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, பொது ரோட்டில் ஓட்டினார்.

இன்று படிக்கும்போது இது சாதாரணச் செய்தியாகத் தோன்றும். அன்று அந்த ஒரு காரியத்தில் நாலு தடைகளை அவர் உடைத்தார். ரோட்டில் வந்தது ஒன்று. வண்டியில் வந்தது இரண்டு. சட்டை போட்டது மூன்று. தலைப்பாகை கட்டியது நாலு. சத்தமில்லாமல் போகாமல், மணி ஒலிக்கப் போனது எல்லாவற்றிலும் பெரிது.

வழி மறித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. கையில் ஆயுதமும் இருந்தது. துணைக்கு இளைஞர்களும் இருந்தார்கள். வண்டி தொடர்ந்து ஓடியது.

அய்யன்காளி வண்டியில் போனால் மட்டும் போதுமா? வண்டி வாங்க முடியாத ஏழைகள் என்ன செய்வார்கள்? அவர்கள் நடந்து போக வேண்டாமா? அடுத்த நடவடிக்கை அதற்காகவே. 1898-ல் இளைஞர்களைத் திரட்டிக் கொண்டு ஆறாலுமூட்டிலிருந்து பாலராமபுரம் சந்தையை நோக்கி ரோடு வழியாகவே நடந்தார். பாலராமபுரம் சாலியர் தெருவில் அவர்களைக் கூட்டம் தாக்கியது. இரு தரப்பிலும் ரத்தம் சிந்தியது. கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவியது.

அந்தத் தெருவை இன்றும் நாம் பஸ்சில் இருந்தபடியே கடக்கிறோம். கைத்தறிக்குப் பெயர் போன தெரு. தமிழகத்திலிருந்து நெசவுக்காக அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் சந்ததியார் அங்கே உண்டு. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் குடியேறிய தெருவிலேயே, சொந்த ஊர்க்காரனை நடக்க விடாமல் அடித்த காலமும் இருந்தது.

எழுதத் தெரியாதவர் கட்டிய பள்ளி

ரோடு திறந்தால் போதாது என்று அய்யன்காளி உணர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவன் ரோட்டில் நடந்தாலும், அவனை ஏமாற்றுவது சுலபம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கூலிக் கணக்கு தெரியாது. சர்க்கார் போட்ட உத்தரவு தனக்குச் சாதகமா பாதகமா என்பதும் தெரியாது.

ஆகவே பள்ளிக்கூடம் வேண்டும். மற்ற பள்ளிகளில் இடமில்லை என்றால் நாமே கட்டுவோம் என்று, 1904-ம் ஆண்டையொட்டி வெங்கானூரில் ஓலைக் கூரை வேய்ந்த ஒரு பள்ளியைத் தொடங்கினார். எதிரிகள் அதற்குத் தீ வைத்தார்கள். மறுபடி கட்டினார். மறுபடியும் தொல்லை கொடுத்தார்கள்.

தனி மனிதனின் பலம் இதற்குப் போதாது என்று 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பல ஊர்களில் கிளைகள் எழுந்தன. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று சங்கம் முடிவெடுத்தது. அன்று எல்லாரும் கூடிப் பேசுவார்கள். வார விடுமுறை என்ற சொல்லே வயல் தொழிலாளிக்குத் தெரியாத காலத்தில் நடந்தது இது!

அதே 1907-ல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று சர்க்கார் உத்தரவு வந்தது. ஆனால் உத்தரவு காகிதத்தில் தூங்கியது. பள்ளி நிர்வாகிகள் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை.

வயலில் இறங்காத தொழிலாளிகள்

அய்யன்காளி எடுத்த அடுத்த ஆயுதம் வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாவிட்டால், உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்ற கருத்தில் அவர் நிலப் பிரபுக்களை எச்சரித்தார். சொன்னபடியே தொழிலாளிகள் வயலில் இறங்கவில்லை.

இந்தியாவில் தொழிற்சங்கங்கள் சரியாக வேரூன்றாத காலம். கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. அடி, உதை நிறுத்தப்பட வேண்டும் என்பதும் இருந்தது. ஆனால் முதல் கோரிக்கை பள்ளிக்கூடம்! தங்கள் வயிற்றைக் காயப்போட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக வேலைநிறுத்தம் செய்த கூலித் தொழிலாளிகளை உலக வரலாற்றில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சேற்றில் கால் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் தாங்களே வயலில் இறங்கிப் பார்த்தார்கள். வேலை ஓடவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. மறுபக்கம் தொழிலாளிகளின் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பட்டினி போட்டால் பணிந்து விடுவார்கள் என்று பிரபுக்கள் காத்திருந்தார்கள்.

அப்போது அய்யன்காளி விழிஞம் கடற்கரைக்குப் போனார். அங்குள்ள மீனவர்களிடம் உதவி கேட்டார். படகுக்கு ஒருவர் என்று வயல் தொழிலாளிகளைச் சேர்த்துக்கொண்டு மீனில் பங்கு கொடுக்க மீனவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வலை இழுக்கத் தெரியாதவர்கள் வலை இழுக்கக் கற்றுக் கொண்டார்கள். ஒரு தொழிலாளிக்கு இன்னொரு தொழிலாளி கொடுத்த அந்தக் கையால்தான் போராட்டம் மாதக்கணக்கில் நின்றது.

கடைசியில் சர்க்கார் தலையிட்டது. கண்டல நாகம்பிள்ளை என்ற மாஜிஸ்திரேட் மத்தியஸ்தரானார். கூலி உயர்த்தவும், மற்ற உரிமைகளை ஒப்புக்கொள்ளவும் முடிவாயிற்று. தொழிலாளிகள் தலை நிமிர்ந்து வயலுக்குத் திரும்பினார்கள்.

எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது?

பள்ளிச் சேர்க்கையை எதிர்த்தவர்கள் நிலப் பிரபுக்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நெய்யாற்றின்கரையில் 1878-ல் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை பெரிய பத்திரிகையாளர். திவானின் ஆட்சியைத் துணிச்சலாக எழுதி, 1910-ல் நாடு கடத்தப்பட்டவர். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். அப்படிப்பட்டவரே, தலைமுறை தலைமுறையாக அறிவை வளர்த்தவர்களின் பிள்ளைகளோடு வயலில் உழைத்தவர்களின் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைப்பது சரியல்ல என்று எழுதினார்.

படித்தவர்களே அப்படி நினைத்த நாட்டில், படிக்காத அய்யன்காளி தன் கொள்கையில் அசையாமல் நின்றார்.

சட்டசபையில் ஒரு குரல்

1911-ம் ஆண்டு இறுதியில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அப்போது திவானாக இருந்தவர் தமிழரான பி.ராஜகோபாலாச்சாரி. 1912 பிப்ரவரியில் திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் அய்யன்காளி தன் முதல் பேச்சைப் பேசினார். ரோட்டில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர், அரசின் மன்றத்தில் எழுந்து நின்றார்!

அவர் அங்கே தத்துவம் பேசவில்லை, மனு கொடுத்தார். வீடு கட்ட இடமில்லாத என் மக்களுக்கு அரசு புறம்போக்கு நிலம் வேண்டும் என்று கேட்டார். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் கொடுக்க 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை வேண்டும், மதிய உணவு வேண்டும், படித்தவர்களுக்கு உத்தியோகம் வேண்டும் என்று வருடா வருடம் கேட்டார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் அந்தச் சபையில் இருந்தார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க அவர் சலித்ததில்லை.

தீயில் வெந்த பெஞ்சு

1914-ல் பஞ்சமி என்ற எட்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்துக் கொண்டு ஊரூட்டம்பலம் பெண்கள் பள்ளிக்குப் போனார் அய்யன்காளி. சர்க்கார் உத்தரவு இருந்தும் நிர்வாகம் மறுத்தது. அவர் விடவில்லை. சிறுமியை உள்ளே அழைத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்தார். கலகம் மூண்டது. பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். ஒரு சிறுமி உட்கார்ந்த இடத்தில் தங்கள் பிள்ளைகள் உட்காருவதைவிட, பள்ளியே எரிந்து போகட்டும் என்ற அளவுக்கு வெறி!

அந்தத் தீயில் முழுவதும் கருகாமல் தப்பிய ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022-ல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியது. நெய்யாற்றின்கரைப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய ஊர் அது.

மறு ஆண்டு, 1915-ல், கொல்லம் அருகே பெரிநாட்டில் இன்னொரு போராட்டம். அடிமைச் சின்னமான கல் மாலைகளைப் பெண்கள் கழற்றி எறிந்தார்கள். அதையொட்டிக் கலவரம் நடந்தது. பின்னர் கொல்லத்தில் கூடிய பெரிய கூட்டத்தில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்று, நூற்றுக்கணக்கான பெண்கள் கழுத்திலிருந்த மாலையை அறுத்துக் குவித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை. மேல் சாதியினரிலும் நியாயத்தின் பக்கம் நின்றவர்கள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. வெங்கானூர்ப் பள்ளியில் எதிர்ப்புக்கு அஞ்சாமல் பாடம் சொல்லிக் கொடுக்க வந்த ஆசிரியரும் மேல் சாதிக்காரரே.

காந்திஜியிடம் சொன்ன ஆசை

1936 நவம்பர் 12-ந் தேதி திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அதையொட்டி 1937 ஜனவரியில் காந்திஜி சமஸ்தானத்தில் சுற்றுப் பயணம் செய்தார். வெங்கானூருக்கும் வந்தார். அய்யன்காளிக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. ஆஸ்துமா நோய் அவரை வாட்டிக் கொண்டிருந்தது.

உங்கள் ஆசை என்ன என்று காந்திஜி கேட்டாராம். கோவில் திறந்துவிட்ட நேரம். கோவிலைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அய்யன்காளி சொன்னதோ வேறு. தான் சாவதற்குள் தன் சமூகத்தில் பத்து பேராவது பி.ஏ. பட்டம் பெற்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

பட்டம் என்பது எப்படி இருக்கும் என்று அவருக்குப் படித்துத் தெரியாது. தன் பெயர் எழுதியிருந்தாலும் வாசிக்க முடியாது. ஆனால் தன் மக்கள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

1941 ஜூன் 18-ந் தேதி அய்யன்காளி காலமானார். வெங்கானூரிலேயே அவருக்குச் சமாதி இருக்கிறது.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில், 1943-ல், உழவூரைச் சேர்ந்த ஓர் ஏழைத் தலித் குடும்பத்து மாணவர் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் மாணவராகத் தேறினார். அவர் கே.ஆர்.நாராயணன். 1997-ல் இந்தியாவின் ஜனாதிபதி ஆனார். கொச்சி சமஸ்தானத்தில் புலையர் சமூகத்தில் பிறந்து பட்டம் பெற்ற தாட்சாயணி வேலாயுதன், நாட்டின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். அய்யன்காளி கேட்டது பத்து பட்டதாரிகளை. நாடு அதற்கு மேலும் கண்டது.

1980-ல் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவர் சிலையை இந்திரா காந்தி திறந்து வைத்தார். அவர் முதல் பேச்சு பேசிய டவுன் ஹாலுக்கு 2019-ல் அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றினார்கள்.

நமக்கு என்ன பாடம்?

வாழ்க்கையில் ஒரு லட்சியம் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். லட்சியத்தை எப்படி அமைத்துக் கொள்வது என்று அய்யன்காளியின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

அவருக்குப் பெரிய கனவு ஒன்றே ஒன்று. தன் மக்கள் மற்ற மனிதர்களைப் போல மனிதர்களாக வாழ வேண்டும். அதை அவர் ஒரே நாளில் அடையப் பார்க்கவில்லை. முதலில் ரோடு. பிறகு பள்ளி. பள்ளிக்காகச் சங்கம். சங்கத்தின் பலத்தில் கூலி. சபையில் இடம் கிடைத்ததும் நிலம். கடைசியில் பட்டம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழி விட்டது. எந்தப் படியிலும் கனவு மாறவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நன்றாக இருக்க வேண்டும், முன்னேற வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக் கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. அய்யன்காளி எண்ணிக்கை சொன்னார்: பத்து பட்டதாரிகள். கெடுவும் சொன்னார்: நான் சாவதற்குள். எண்ணிக்கையும் கெடுவும் இருந்தால்தான், நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளந்து பார்க்க முடியும்.

எல்லை தாண்டி வந்து உழைக்கிற நமக்கும் கனவுகள் உண்டு. ஊரில் ஒரு வீடு, மகளுக்கு நல்ல படிப்பு, அடகில் கிடக்கும் நகையை மீட்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. வாரக் கூலி வாங்குகிறவருக்கு அந்தக் கூலியைத் தாண்டி யோசிக்க நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் அய்யன்காளியோடு வேலைநிறுத்தம் செய்தவர்கள் அன்றன்றைய கூலியில் வாழ்ந்தவர்கள். அவர்களால் பிள்ளைகளின் படிப்பை மனதில் வைத்துப் பல மாதம் பட்டினி கிடக்க முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசியுங்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு உங்கள் வீடு எப்படி இருக்க வேண்டும்? அதற்கு முதல் படி எது? எத்தனை ரூபாய், எத்தனை வருடம்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அய்யன்காளிக்கு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும்.